காட்டுப்பன்றியோடு முன்னால் போகிறவள்

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கோலாலம்பூரைத் தாண்டி, ஜெரம் பக்கம் ஒரு மீன் பேக்டரியில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சோப்புப் போட்டும் போகாத மீன் வாடையோடு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வில்லில் அம்பு பூட்டுவேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டுக்காரி தினமும் சீரியல் பார்த்து அழுகிறாள். அவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அது ஆன்லைனில் பலர் சேர்ந்து விளையாடுகிற விளையாட்டு. மந்திரவாதி, பூதம், மலை, இடிந்த கோட்டை எல்லாம் இருக்கும். உள்ளே நுழைந்ததும் நீ யாராக இருக்கப்போகிறாய் என்று கேட்கும். நான் ரேஞ்சர். ரேஞ்சருக்குக் காடு தெரியும். கையில் வில், கூடவே ஒரு மிருகம். கூட்டத்துக்கு முன்னால் தனியாகப் போய், வழி எப்படி இருக்கிறது, எது எங்கே பதுங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ரேஞ்சர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கால் எடுத்து வைப்பார்கள்.

மிருகத்துக்கு ஓநாய், கழுகு, கரடி என்று நிறையக் காட்டியது. எல்லாரும் ஓநாயைத்தான் எடுப்பார்கள். நான் காட்டுப்பன்றியை எடுத்தேன். செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஓநாயைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் இந்த நாட்டுத் தமிழர்கள்தான். "அக்கா, பன்னியா?" என்று சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "கொழம்பு வைக்காம விட்டா சரி" என்று எழுதினார்.

அவர் கவசம் போட்ட வீரர். வாளும் கேடயமும் தூக்கிக்கொண்டு பின்னால் மெதுவாக வருவார். கவசம் கனம். ஓட முடியாது.

நான் ஏன் ரேஞ்சரை எடுத்தேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா தோட்டத்தில் எண்ணெய்க்குப் பழம் வெட்டினார். நீளக் கம்பியில் அரிவாளைக் கட்டி, செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்து அறுத்துத் தள்ளுவார். அம்மா அவருக்குப் பின்னால் குனிந்து போய், சிதறின உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் போடுவாள். வேலை செய்த காலம் முழுக்க அவள் அப்பாவின் முதுகைத்தான் பார்த்தாள். சில நேரம் அதுகூடத் தெரியாது. வெட்டிப்போட்ட ஓலை ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அடுத்த நிரையில் யார் இருக்கிறார் என்றே தெரியாது. நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். பொறுக்குகிற வேலை வேண்டாம், விளையாட்டிலாவது முன்னால் போகிறேன் என்று எடுத்தேன். அவ்வளவுதான்.

ஆனால் அந்த நிரையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்துவிட்டேன். முன்னால் போகிறவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "ஓ...ய்" என்று குரல் கொடுப்பார். பின்னால் இருக்கிறவர் பதிலுக்கு "ஓ...ய்" என்று சொல்ல வேண்டும். வேறு பேச்சு கிடையாது. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா, அதுதான் விஷயம். பதில் வரவில்லை என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். பாம்பாக இருக்கலாம், தலையில் ஓலை விழுந்திருக்கலாம். வேலை வாங்குகிற மண்டோர் கத்தினாலும் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா ஒருமுறை குலை விழுந்து தோள் இறங்கிக் கிடந்தபோது அம்மா அவரைக் கண்டுபிடித்தது அப்படித்தான். குரல் வராததை வைத்துத்தான்.

என் வீட்டுக்காரரும் அதே தோட்டம்தான். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டில் நான் மேடு ஏறி அந்தப் பக்கம் போனதும் "ஓய்" என்று எழுதுவேன். அவர் "ஓய்" என்பார். மற்றபடி நான் அவரை அப்படிக் கூப்பிட முடியுமா? மாமியார் வந்திருக்கும்போது காதில் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

அவர் முன்பு இங்கே பழ லோரி ஓட்டினார். இப்போது சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறார். ஒரு அறையில் நான்கு ஆண்கள். போன் செய்தால் மற்ற மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள். அதனால் போனில் பேசுவது, "பசியாறியாச்சா?", "ஆச்சு", "மழையா?", "ஆமா" என்பதோடு முடிந்துவிடும். அந்த மனுஷனுக்குக் கூச்சம் ஜாஸ்தி. விளையாட்டில் கட்டை விரலால் தட்டி எழுதுவதை யாரும் ஒட்டுக் கேட்க முடியாது. அங்கேதான் அவர் பேசினார்.

அதுவும் பெரிய பேச்சு இல்லை. பாழடைந்த கோட்டை வாசலில் பூதம் செத்துக் கிடக்கும். பக்கத்தில் நின்றுகொண்டு, "சுங்கை புரோங் பக்கம் இப்ப நெல்லு அறுப்பா?" என்று கேட்பார். வயலில் மிஷின் இறங்கிவிட்டது, ரோட்டு முழுக்கக் கொக்கு என்பேன். பிறகு, "பாக்கணும் போல இருக்கு" என்று வரும். கொக்கையா என்னையா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று நாள் வெட்கப்பட்டு வராமல் இருந்திருப்பார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வீட்டில் நானும் சாமி படமும் ஒரு குக்கரும்தான். சோறு வடித்தால் மறுநாள் வரை வருகிறது.

தீபாவளிக்கு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றவரின் பையை ஓடிப்போய் வாங்கினேன். அவரோ, "என்னா வெயிலு" என்றார். வீட்டில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார். நான் எதைக் கேட்டாலும் "ம்" என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்து விளையாட்டைத் திறந்து "ஓய்" என்று எழுதினேன். ஹாலில் அவர் போன் டிங் என்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "ஓய். கறி வாசம் இங்க வரைக்கும் வருது. கொஞ்சம் மெலிஞ்சிட்ட மாதிரி இருக்க."

நடுவில் ஒரு சுவர். எழுந்து பத்து அடி வந்து அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னாரே. நான் கறியைக் கிண்டிக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இந்த வருஷம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது என்று எனக்குத் தெரியும். திரும்பக் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பல தடவை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாம்" என்பார். ஜாடை எனக்கு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் எல்லாம் ஒரு பெரிய சண்டைக்குக் கிளம்பி நின்றபோது, அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி தனியாக எழுதினேன்: "கையெழுத்து போடாதீங்க. வந்துடுங்க. இங்க எப்படியோ சமாளிக்கலாம்."

பதில் வருவதற்குள் தலைவன் கிளம்பச் சொல்லிவிட்டான். அவன் ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கிறவன், என்னைவிட இளையவன். இது மாதிரி பெரிய சண்டைக்கு எல்லாரும் மைக்கைப் போட்டுக் குரலில் பேசுவோம். என் வீட்டுக்காரர் மட்டும் அறையில் ஆள் இருப்பதால் எழுதுவார்.

சதுப்பு நிலத்துக்கு அடியில் ஒரு குகை. நான் பன்றியோடு முன்னால் போனேன். வளைவு தாண்டியதும் "ஓய்" என்று எழுதினேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை எழுதினேன். வளைவுக்குத் திரும்பி வந்து பார்த்தால் அவருடைய வீரர் குகை வாயில் கேடயத்தோடு நிற்கிறார். அசைவு இல்லை. நானும் நின்றுவிட்டேன்.

"அக்கா, ஏன் நிக்கிறீங்க? போங்கலா!" என்றான் தலைவன்.

"அவரு பதில் சொல்லல."

"லைன் போயிருக்கும்லா அக்கா! நீங்க போனாத்தான் நாங்க வர முடியும். போங்க, போங்க!"

"ஆள் என்னானாருன்னு பாக்காம எப்படிப் போறது?"

"இது கேம் அக்கா!"

நான் திரும்பி அவரை நோக்கி நடந்தேன். இடுக்கில் பதுங்கியிருந்த பிசாசுகள் வெளியே வந்தன. பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாளே, பின்னே? மொத்தக் கூட்டமும் செத்தது. பன்றிகூடச் செத்தது. தலைவன் கத்தினான். இன்னொருத்தன், "அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லேன்னா காலே நவுராதுடா" என்றான்.

"ஆமாடா, நவுராது. உனக்கு அப்படி ஒருத்தி கெடச்சா அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். இன்றைக்கு வரைக்கும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் செய்தது சரி.

அன்றைக்குப் பிறகு அவர் விளையாட்டுக்கு வரவில்லை. போனில் கேட்டேன். "லைன் போச்சு அன்னிக்கு. இப்ப வேலை ஜாஸ்தி" என்றார். ஒவ்வொரு சாயங்காலமும் நான் உள்ளே போய் அந்தக் குகை வாயில் நின்றேன். யார் யாரோ வந்து போனார்கள். உயிர் திரும்பி வந்த பன்றி மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது. நான் "ஓய்" என்று எழுதிவிட்டு, பதில் வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குக்கர் விசில் அடித்து அடங்கும்.

பதில் வராவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். பேக்டரியில் லீவு சொன்னேன். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். அவருடைய ஓய்வு நாள் எது என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் கோலாலம்பூர் போய், அங்கிருந்து சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய ஜோகூர் பாருவுக்குப் பஸ் ஏறி, அங்கே வந்து நிற்கச் சொல்லி அவருக்குப் போன் செய்தேன். வழி முழுக்கச் செம்பனைதான். நிரை நிரையாக ஓடியது. ஒவ்வொரு நிரைக்குள்ளும் யாராவது தெரிகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

லார்க்கின் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னா புள்ள, திடீர்னு?"

"பதில் வரல. வந்தேன்."

பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ வந்தது. அவர் கரண்டியால் சும்மா கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு லைன் போகல" என்றார். "போன கையில வெச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

நான் அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி வைத்தேன்.

"அதுக்கு மொத நாளே கையெழுத்து போட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருஷம். நீ வந்துடுங்கன்னு எழுதின. முன்னாடி போய்க்கிட்டே ஓய் ஓய்ங்கற. நான் என்னான்னு பதில் சொல்றது?"

"போட்டுட்டேன்னு எழுத வெரல் இல்லையா?"

"மெதுவாலா. ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்! மெதுவா பேசிப் பேசித்தான் இந்த லட்சணத்துல இருக்கோம். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்ப. வேணாம்னு நீ சொன்னா என்னால போட முடியாது." அவர் கிளாஸைத் தள்ளிவைத்தார். "பழ லோரி ஓட்டி என்னாத்தக் கண்டோம் சொல்லு. எனக்கு மட்டும் வரணும்னு இல்லையா?"

நன்றாகத் திட்டினேன். பஸ் நிலையம் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டோம். தட்டில் இருந்த முட்டையை என் பக்கம் ஒதுக்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்றிருந்தது. சாயங்காலப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் பின்னால் எடுக்கிறவரை ஜன்னலுக்குக் கீழேயே நின்றார். கண்ணாடி மூடியிருந்ததால் பேச முடியவில்லை.

இப்போது மறுபடியும் விளையாட்டுக்கு வருகிறார். தலைவனும் எங்களைச் சேர்த்துக்கொண்டான். திட்டினாலும் ரேஞ்சர் இல்லாமல் அவர்களுக்கும் கதை ஓடாது. நான் கூப்பிட்டவுடனே பதில் வருகிறது. சில சமயம் நான் கூப்பிடுவதற்கு முன்பே வருகிறது. அந்த மனுஷன் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை. நான் பன்றியோடு உச்சிக்கு ஏறிவிட்டேன். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, ஆறு, புகை, எல்லாம் தெரிந்தது. "ஓய்" என்றேன். "ஓய்" என்று வந்தது. திரும்பிப் பார்த்தேன். கீழே வெகுதூரத்தில், கேடயத்தைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு அடியாக ஏறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அதான் அண்ணன் பதில் சொல்லிட்டாருல்ல? போலாம்லா" என்றான் தலைவன்.

"பதில் வந்துச்சுப்பா. ஆள் வரட்டும்" என்றேன். கத்தினான். கத்தட்டும் என்று அங்கேயே நின்றேன்.