சும்மா வந்த மிக்ஸி

மல்லேஸ்வரம் சேஷகிரி மின்சார ஆபீஸில் மீட்டரில் நடக்கும் கரண்ட் திருட்டைப் பிடித்தே ரிடையர் ஆனவர். 2006-இல் மகள் அதிதி ஏதோ இன்டர்நெட் போட்டியில் அவர் பெயரைப் போட்டுவைக்க, பரிசாக ஒரு மிக்ஸி கூரியரில் வந்தது. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த அதே மாடல்!

“எவன் சும்மா குடுப்பான்? இதுல என்னமோ இருக்கு” என்று பெட்டியில் ஒட்டியிருந்த கம்பெனி சீலைக் கிழித்து, ஸ்க்ரூவைக் கழற்றி, டெஸ்டர் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது.

திரும்ப மாட்டி, கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வித்யாலட்சுமியிடம் நீட்டினார். “புதுசும்மா. சும்மாவே வெச்சுக்கோ.”

அவள் பெட்டியில் கிழிந்திருந்த சீலைப் பார்த்தாள், கீறல் விழுந்த ஸ்க்ரூவைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். “ரிப்பேரானதை என் தலையில கட்டப் பாக்கறீங்களா அங்கிள்?”

பெட்டியோடு படியேறிய சேஷகிரிக்குக் கோபமே வரவில்லை. அந்தத் தெருவிலேயே விவரமான ஆள் அவள் ஒருத்திதான் என்று பட்டது.