பின்னாலிருந்து யாரும் அடிக்கவில்லை

குந்தாரப்பள்ளி சந்தையில் என் பசு மிரண்டு ஓடியது. கயிற்றை விடாமல் நானும் ஓடினேன். கெண்டைக்காலில் கல் பட்டதுபோல் ‘படக்’ என்றது. திரும்பிப் பார்த்தால் ஒரு தரகர் நின்றார்.

“ஏன்யா கல்லால அடிச்ச?”

“ரெண்டு கையிலயும் மாட்டுக்கயிறு இருக்குது, எதுல அடிக்கறது ஆயா?”

வீட்டில் மருமகள் தடுத்தும் சுடச்சுட எண்ணெய் வைத்து நீவினேன். காலையில் கால் வீங்கி, ஊன்றவே முடியவில்லை. இனி நடப்பேனா என்று பயந்துவிட்டேன்.

“கல்லு எதுவும் படலம்மா, ஓடும்போது கெண்டைச் சதை கிழிஞ்சா அப்படித்தான் அடிச்ச மாதிரி இருக்கும். நீவி நீவி ரத்தம் கட்ட வெச்சிட்டீங்க” என்றார் ஓசூர் டாக்டர்.

துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், கட்டு, தலையணைமேல் கால் என்று கிடந்து, இரண்டு மாதத்தில் நன்றாக நடந்தேன்.

இப்போதும் சந்தைக்கு நான்தான் போகிறேன். மாடு இழுத்தால் கயிற்றை விட்டுவிடுகிறேன். சதை பிடித்துக்கொண்டால் எண்ணெயைத் தொடுவதில்லை. யாரையும் திட்டுமுன் அவர் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.