ஓவர்லாக்கில் விழுந்த துணி

எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டு, அருள்புரம் பனியன் கம்பெனிக்கு வேலைக்குத் திரும்பினேன். "வாயைக் கட்ட முடியாம வயித்த வெட்டிக்கிட்டா. மறுபடி ஊதிருவா பாருங்க" என்று தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் பெண்கள் பேசினார்கள். நானும் அதை நம்பினேன் என்பதுதான் வெட்கம்.

தொளதொளத்த சுடிதாரைப் பிடித்துத் தைக்கச் சொல்லி டெய்லர் நூர்ஜஹான் அக்காவிடம் கொடுத்தேன்.

"உள்ள துணி உட்டுத் தைங்கக்கா. திரும்பக் குண்டானா பிரிச்சுக்கறனுங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அவங்க பேச்சுக்கு நீ எதுக்கு கண்ணு துணி உட்டுவெக்கறே?"

சுடிதாரை ஓவர்லாக் மெஷினில் விட்டார். அது தைக்கும்போதே மிச்சத் துணியை வெட்டித் தள்ளிவிடும். இரண்டு பக்கமும் துணி கீற்றுக் கீற்றாக விழுந்தது; இனிப் பிரித்துப் பெரிதாக்க வழியில்லை.

மறுநாள் அதையே போட்டுக்கொண்டு செக்கிங் டேபிளைத் தாண்டி நடந்தேன்.

பேச்சு இன்னும் நிற்கவில்லை. அதற்காக நான் துணி விட்டுவைப்பதுமில்லை.