ஆள் வந்தால்தான் வண்டி நகரும்

இந்த ஊரில் ராத்திரி வேலை முடிந்து இறங்கினால் வண்டி உடனே போகாது. பனியன் கம்பெனி வேன் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும்; வீட்டிலிருந்து ஓர் ஆள் கதவைத் திறந்து முகம் காட்டிய பிறகுதான் டிரைவர் பழனிச்சாமி அண்ணன் கியர் போடுவார். எங்கள் விளாத்திகுளம் பக்கம் இறக்கிவிட்டதோடு சரி, அப்புறம் நம் பாடு. ஊரிலிருந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன், தம்பி என்னோடு இருந்தவரை.

தம்பிக்குச் சென்னையில் வேலை கிடைத்து, போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கம்பெனியில் நான் மூச்சுவிடவில்லை. கதவு திறக்க ஆளில்லாத பெண்கள் கம்பெனி ஹாஸ்டலுக்கு மாறிவிட வேண்டும் என்பது விதி. அங்கே ஒரு வருடம் இருந்து பார்த்தவள் நான். கடைக்குப் போகக்கூட வார்டன் கையெழுத்து வேண்டும். வேலம்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் என் ஒற்றை அறை சின்னதுதான், ஆனால் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அதை விடுவதாக இல்லை. வேலைக்குக் கிளம்பும்போதே விளக்கைப் போட்டு, டிவியைச் சத்தமாக ஓடவிட்டு, தம்பியின் பழைய செருப்பை வாசலில் வைத்துவிடுவேன். திரும்பியதும் நானே திறந்து, “தம்பி டிவி பாக்கான்” என்று கையை ஆட்டுவேன். சத்தத்தைக் கேட்டு அண்ணன் கிளம்பிவிடுவார். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

பக்கத்து வீட்டு ஈஸ்வரி அக்காவைத்தான் எனக்குப் பிடிக்காது. வேன் வந்தாலே அவள் ஜன்னல் திரை அசையும். எவனோடு வருகிறேன் என்று வேவு பார்க்கிறாள் என்று பல்லைக் கடிப்பேன்.

அன்று ஷிப்மென்ட் நெருக்கடி. கிளம்பும்போதே நள்ளிரவு தாண்டிவிட்டது. வேனில் ஒடிசாக்காரி சுமித்ரா, செல்வியின் தோளில் சாய்ந்து தூங்கினாள். செல்வியிடம் தமிழ் கற்றதால் தெருநாயைக்கூட “தள்ளுங்க” என்பாள். செல்வி இந்த ஊர்க்காரி, யாரிடம் பேசினாலும் ‘ங்க’ போடுவாள்.

“ஏனுங்க, உங்க தம்பி தூங்கவே மாட்டாருங்களா? எந்நேரமும் டிவி ஓடுது” என்றாள் செல்வி.

“அவனுக்குப் படம்னா பைத்தியம்” என்றேன். அவள் சிரித்தது சரியில்லை.

இந்த ஊர் ராயபுரத்தில் சுமித்ராவின் அறைத்தோழிகள் மாடியிலிருந்து கையசைத்தார்கள். அடுத்து எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். கரண்ட் இல்லை. விளக்கும் இல்லை, டிவியும் இல்லை.

“தம்பியக் கூப்புடு கண்ணு” என்றார் அண்ணன்.

பூட்டிய வீட்டைத் தட்டி, “முருகேசா!” என்று கூப்பிட்டேன். ரெண்டு தடவை. காலி வீட்டைக் கூப்பிட்டுப் பாருங்கள், நம் குரலே நமக்குப் பிடிக்காது.

“ஆள் வல்லீன்னா ஆபீஸ்ல சொல்லோணும் கண்ணு. நான் என்ன பண்றது?”

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. செல்போன் வெளிச்சத்தோடு ஈஸ்வரி அக்கா.

“தம்பி மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்குதுங்ணா. நான் இருக்கறனுங்க, நீங்க போங்க.”

வேன் போனது. நான் அவள் பக்கம் திரும்பினேன். “அக்கா, தம்பி வந்து...”

“அது போயி மூணு மாசமாச்சுங்களே. செருப்பு ஒரே எடத்துல கெடக்குது. அதத் தள்ளித் தள்ளித் தெனமும் பெருக்கறது நாந்தானுங்க.” கொட்டாவி விட்டாள். “நீங்க தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருதுங்க. சீக்கிரம் உள்ள போங்க.”

வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள், கதவு திறக்கும் ஆள் யார் என்று கேட்கும் கம்பெனிப் படிவத்தில் தம்பி பெயரை அடித்து, ஈஸ்வரி என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில், அக்கா.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ராத்திரி அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நான் கதவைத் தட்டுவதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“ஆள் வர்றதுக்குள்ள எங்க ஓடுதீரு?”

ஆட்டோக்காரர் பதறி நிறுத்தி, பின் சீட்டில் தடவிப் பார்த்தார். “பை ஒண்ணும் விட்டுட்டுப் போகலியே தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.