கருப்பும் சிவப்பும்

என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பழைய எஸ்டேட் முனியாண்டிக்கு ஒரு சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டேன். ரப்பர் மரமெல்லாம் போய் அங்கே செம்பனை வந்துவிட்டது. கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது அறுப்பதில்லை, உயிரோடு விட்டுவிடுவார்கள். ஆனால் மூன்று மாதம் வீட்டில் வளர்த்து, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோக வேண்டும். காயம் பட்டதை அந்தப் பூசாரி வாங்கவே மாட்டார்.

கருப்புச் சேவலாகப் பார்த்து வாங்கினேன். என் மூன்று பெட்டைக் கோழிகளோடு வீட்டுக்குப் பின்னால் ராஜா மாதிரி திரிந்தது. ஆபரேஷன் முடிந்து வந்த மனிதர், தையல் பிரித்த மறுவாரமே பீடோரில் இருக்கும் கூட்டாளியிடமிருந்து ஒரு சிவப்புச் சேவலைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றார். வயிற்றைக் கிழித்துத் தைத்த ஆள் செய்கிற வேலையா இது!

பெட்டியைத் திறந்த கையோடு சண்டை. நடுவில் தகரம் வைத்து மறைத்தேன். சந்து வழியாகக் கொத்திக்கொண்டன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று திறந்துவிட்டேன். கூண்டுக்குள் கிடப்பது கம்பியில் மோதியது. ஒருநாள் தாழ்ப்பாள் நழுவி, என் கருப்பனுக்குக் கழுத்து இறகு நாலு போனது. கொண்டை தப்பியது சாமி புண்ணியம்.

கோயிலில் பத்துப் பன்னிரண்டு சேவல்கள் ஒன்றாக மேய்கின்றனவே, அது எப்படி என்று பூசாரியிடமே போய்க் கேட்டேன்.

"பொட்டக் கோழி கண்ணுல படக்கூடாதுக்கா. அவ்ளோதான்லா," என்றார்.

என் கோழிகளையா விடுவேன்? தினம் முட்டை போடுகிற மூன்றும் இருக்க, ஒன்றுக்கும் உதவாத சிவப்பன் போகட்டும் என்று முடிவு கட்டினேன். நாளைக்குள் பீடோருக்கு அனுப்பவில்லை என்றால் சட்டியில் போட்டுப் பெரட்டல்தான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய் சிவப்பனின் கூண்டை மறித்து நின்றார்.

"அதுவும் முனியாண்டிக்குத்தான். நான் படுத்திருந்தப்ப நீ சாப்பிடாம வார்டு வாசல்லயே கெடந்தே. சுகர் வேற இருக்கு ஒனக்கு. ஒனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். சொன்னா நீ ஏசுவேன்னுதான் சொல்லல."

ஏசத்தான் செய்தேன். கத்தி வைத்தது இவர் வயிற்றில். இவர் வேண்டிக்கொண்டது எனக்காக! இப்படி ஒரு மனுசனை என்ன செய்வது? திட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய் அழுதேன்.

சாயந்திரமே மூன்று கோழிகளையும் கூடையில் போட்டு, மூன்றாவது தெரு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் சேவல்கள் முறைத்துக்கொண்டு நின்றன. பிறகு சண்டை போட ஒன்றும் இல்லை என்று தெரிந்ததோ என்னவோ, ஒரே தட்டில் சோறு கொத்தின. முட்டைக்கு நாங்கள் கடைக்குப் போனோம்.

கோயிலுக்குப் போன அன்று பூசாரி இரண்டையும் தூக்கி, கொண்டை, கால், இறக்கை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. எது யாருக்காக என்று கேட்டார். கருப்பு என் வீட்டுக்காரருக்கு என்று சத்தமாகச் சொன்னேன். சிவப்பு யாருக்கு என்பதற்கு அவர் பக்கம் திரும்பினேன். அதை அவர் சொன்னார்.