சர்வர் பெட்டியை அணைப்பதற்கு முன்

வெப் சர்வரைப் பார்த்துக்கொள்கிற வேலையில், எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் ஒருவர்கூட போன் செய்ய மாட்டார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, படூரில் ஒரு சின்ன கம்பெனியில் பெருக்கித் துடைக்கவும் போன் எடுக்கவும் சேர்ந்தேன். மாமல்லபுரம் லாட்ஜுகள், சிற்பப் பட்டறைகள், செங்கல்பட்டுக் கடைகள் என்று பலருடைய வலைப்பக்கங்கள் எங்கள் சர்வரில் இருந்தன. இன்ஜினியர் பாஷா சார் ஒருவர்தான். எனக்குக் கவலைப்படுகிற குணம் என்று கண்டுகொண்டு, பராமரிப்பு வேலையை மெல்ல என் தலையில் கட்டினார். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பொட்டு

ஆயுத பூஜை. தையல் மெஷினுக்கும் வண்டிக்கும் பொட்டு வைக்கிறோம், சோறு போடுகிற சர்வருக்கு வேண்டாமா? முகப்பில் வட்டமாக, பொட்டுக்கென்றே செய்ததுபோல ஒரு இடம். சந்தனத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்தேன். அதுதான் பவர் பட்டன். உள்ளே ஃபேன் சத்தம் அடங்கியதும் "சார்!" என்று கத்தினேன்.

பாஷா சார் ஓடிவந்து மறுபடி போட்டார். அதற்குள் லாட்ஜ்காரர் ஒருவர் லைனில் வந்துவிட்டார். அழாத குறையாக நடந்ததைச் சொன்னேன். "இன்னாம்மா, ஆயுதத்துக்கு இன்னிக்கு லீவு வுட்டியா? சரி, சுண்டலையாவது எடுத்து வெய்யி, வர்றேன்" என்றார்.

நோட்டு

எந்த செட்டிங்கை மாற்றுவதற்கு முன்னும் பழையதை நோட்டில் எழுதிவைப்பேன். இங்கிலீஷ் எனக்கு ஓடாது. கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல எழுத்து எழுத்தாகப் பார்த்து இறக்குவேன். ஒரு நாள் பாஷா சார் எதையோ திருத்தியதில் எல்லாப் பக்கமும் நின்றுபோனது. நோட்டை வைத்து ஒப்பிட்டால், நடுவில் ஒரு முழு வரியையே காணோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் படிச்சேன், அதான் வுட்டுட்டேன். நீங்க பாத்து எழுதுனீங்கக்கா."

பதினைந்து நாள்

அந்தப் பெட்டிக்கு வயதாகி, பக்கங்களையெல்லாம் புது சர்வருக்கு மாற்றினோம். பழையதை உடனே அழித்துவிடக் கூடாது. நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டுப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். எதையாவது விட்டிருந்தால் யாராவது சத்தம் போடுவார்கள். போடாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதை அழித்து, அதில் துளை போட்டு, காயலான் கடைக்கு அனுப்பலாம்.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் மாற்றவில்லை. ஏகாம்பரம் என்ற சிற்பியுடையது. மாற்றலாமா என்று கேட்டு அனுப்பிய மெயிலுக்குப் பதில் இல்லை. பட்டறை இடம் மாறியதால் கடிதமும் திரும்பி வந்தது. யாருக்கும் வேண்டாத பக்கம் என்றார் பாஷா சார். எனக்கு மனசே கேட்கவில்லை. பதினான்காவது நாள், திங்கட்கிழமை, கல்தூசி படிந்த வேட்டியோடு ஏகாம்பரமே படியேறி வந்தார்.

"ரெண்டு வாரமா பிரவுசிங் சென்டர்ல நம்ம பக்கம் வரலம்மா. அவங்க மிஷினுதான் பேஜாருன்னு நெனச்சேன். எம்பொண்ணு செஞ்சு குடுத்தது, மெயிலும் அவளுதுதான். அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கினா. வூட்டுப் பக்கம் வராதன்னுட்டேன். பக்கத்துக்கு அடியில எத்தினி தபா பாத்துகீறாங்கன்னு நம்பர் ஒண்ணு ஓடுதில்ல? ஞாயித்துக்கெழம சாயங்காலம் போய் எழுதிக்குவேன். நான் பாக்கறதக் கழிச்சா வாரத்துக்கு ஆறு ஏறும். தெனம் பாக்குறா. ஞாயித்துக்கெழம மட்டும் வூட்டுக்காரன் இருப்பான், பாக்க மாட்டா. இப்ப நாந்தான் எடுத்துட்டேன்னு நெனச்சிக்குவாளேம்மா!"

ஆறு

தினமும் காலையில் எல்லாப் பக்கங்களையும் ஒரு தடவை திறந்து பார்ப்பது என் வேலை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே அந்தப் பக்கத்தைப் புது சர்வரில் ஏற்றினோம். எண்ணிக்கை இருக்கிற ஃபைலையும் எடுக்கச் சொன்னேன். அதை விட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் பழைய பெட்டியை அணைக்க விட்டேன். புது சர்வர் தானே சரிபார்த்துக்கொள்ளும், பக்கங்களை நான் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் ஏகாம்பரத்துடையதை மட்டும் ஞாயிறு தவிர தினமும் திறந்தேன். பெற்ற மனசை ஏமாற்றுகிறோமே என்று ஒவ்வொரு காலையும் விரல் தயங்கும். திறக்காமலும் இருக்க முடியாது.

சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை போன் வந்தது. "யம்மா, இந்த வாரம் ஏழு ஏறிகீது! நேத்தும் பாத்துகீறா!"

ஆறு என்னுடையது, அந்த ஏழாவது எங்கிருந்து வந்தது என்று சர்வர் பதிவில் தேடினால் தெரியும் என்கிறார் பாஷா சார், இத்தனை வருஷ வேலையில் நான் வேண்டுமென்றே கற்றுக்கொள்ளாமல் விட்டது அது ஒன்றைத்தான்.