சிங்கத் தலைக் காசும் என் தாலிக் குண்டும்

எங்க வீட்டுக்காரருக்குப் பழங்காசுன்னா பைத்தியம். சம்பளம் வந்தா அரிசிக்கு முந்தி அதுதான். அதுலயும் ஒரு கிரேக்கக் காசு இருந்துச்சு. மொச்சைக்கொட்டை அளவு, ஒரு பக்கம் சிங்கத் தலை. தங்கமும் வெள்ளியும் கலந்த எலெக்ட்ரம்னு பெருமை பேசுவாரு. அசலா போலியா, அந்தப் பழனி முருகனுக்குத்தான் வெளிச்சம். எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை வாங்க மறக்குற மனுசன், அதை மட்டும் பஞ்சுல பொத்திப் பொத்தி வைப்பாரு.

மகளுக்குக் கல்யாணம் முடிவாச்சு. தாலிக்குப் பொன் உருக்குறப்ப பொண்ணு வீட்டுலருந்தும் ஒரு பொட்டுத் தங்கம் சேக்கணும், அது எங்க வகையறா வழக்கம். திண்டுக்கல்ல ஆசாரி பட்டறையில, நெய்க்காரப்பட்டி சம்பந்தியம்மா முன்னால, இவரு அந்தக் காசை எடுத்து நீட்டுனாரு. மக மேல அம்புட்டு உசுரு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

ஆசாரி உரைகல்லுல உரசுனாரு. கோடு வெளிறி விழுந்துச்சு. "பாதிக்குப் பாதி வெள்ளிம்மா."

"ஏனுங்க, தாலிக்கேவா கலப்படம்? அப்ப உங்க பொண்ணு எப்படீங்க?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா சம்பந்தியம்மா, பாவி.

இவரு பாடம் நடத்த ஆரம்பிச்சாரு. அந்தக் காலத்துல ராசாவே வெள்ளியைக் கூடுதலாக் கலந்துதான் அடிச்சானாம். சிங்கத்தைப் பாத்தா ஊருக்குள்ள யாரும் சோதிக்க மாட்டாங்களாம், சொன்ன மதிப்புக்கே கைமாறுமாம். வெளியூருக்குப் போனாத்தான் சந்தேகப்படுவாங்களாம்.

"நாங்க வெளியூருதானுங்களே," அப்படின்னா சம்பந்தியம்மா.

எனக்கு மானம் போச்சு. கல்யாணம் நின்னுருமோன்னு பயம் வேற. தாலிக்கொடியில கோத்திருந்த குண்டு ஒண்ணைக் கழட்டி ஆசாரிகிட்ட கொடுத்தேன். என் கல்யாணத்துக்கு இவங்க வீட்டுல செஞ்சு போட்டது. "இதைச் சேருங்க, இது சுத்தத் தங்கம்"னேன். இவரு அதைத் திருப்பி வாங்கக் கையை நீட்டுனாரு.

"அதையும் உரசீருங்க," அப்படின்னா சம்பந்தியம்மா.

ஆசாரி அழுத்தி உரசி, ஒரு சொட்டுத் திராவகம் விட்டாரு. கோடு பச்சையாப் பொங்கி இருந்த இடம் தெரியாமப் போச்சு. அவரு என் மூஞ்சியைப் பாக்கலை. "செம்பும்மா. மேல முலாம்."

சம்பந்தியம்மா தன் மோதிரத்தை உருவிப் போட்டா. "பயப்படாதீங்க, கல்யாணம் நடக்கும். பேரன் பேத்திக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை ஆச்சுங்க."

தீபாவளி தோறும் "பாலிஷ் போட்டுட்டு வாரேன்"னு கொடியை வாங்கிட்டுப் போறது இந்த மனுசன்தான். அது முலாம் பூசத்தான்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. வெளிய வந்ததும் கேட்டேன். "குண்டு செம்புன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

காசைப் பஞ்சுல சுத்திக்கிட்டே இருந்தாரு.

"இம்புட்டு நாளு கழுத்துல நல்லாத்தானே கிடந்துச்சு? அதை எதுக்குடி இப்பக் கழட்டுன?"ன்னாரு.